பூட்டனைத் தேட: தேவாலயப் பதிவேடா, மாநகராட்சிப் பதிவேடா?

சென்னை பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியப் பூட்டனைத் தேடுகிறீர்களா? நானாக இருந்தால் முதலில் தேவாலயத்துக்குத்தான் போவேன். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்கும். கத்தோலிக்கர் என்றால் ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயரும் கிடைக்கும். அதுதான் புதையல். பல சமயம் அவர்கள் சித்தப்பா, அத்தை என்று சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680-இல் கட்டி முடிந்தது. 1753-இல் ராபர்ட் கிளைவ் கல்யாணம் நடந்ததும் அங்கேதான். இப்படிப்பட்ட ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயப் பதிவுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். இங்கே கரையான் தின்றிருந்தாலும் பிரிட்டிஷ் நூலகத்தில் பார்க்கலாம்.

சென்னை மாநகராட்சிக்கு வயது 1688-லிருந்து. ஆனால் பிறப்பு, இறப்புப் பதிவு ரொம்பப் பிந்திய சங்கதி. குழந்தையின் பெயர்கூடப் பல இடங்களில் காலி! சரி, குடும்பம் ராயபுரத்திலா, வண்ணாரப்பேட்டையிலா, எந்தத் தெருவில் என்று தெரிய வேண்டுமென்றால் அப்புறம் மாநகராட்சிப் பதிவேட்டைப் புரட்டுங்கள்.