குருமன்காடா, கனகபுரமா: சித்திக்கு எங்கே வீடு பார்ப்பது?

"அண்ணை, அம்மா இனி ஊரிலைதான் இருக்கப் போறாவாம். வவுனியாவோ கிளிநொச்சியோ, எது பயமில்லாத இடம்?" என்று சித்தியின் மகன் கனடா, ஸ்காபரோவிலிருந்து எடுத்துக் கேட்டான். சித்திக்கு எழுபத்திரண்டு வயது. பனியோடு இனி மல்லுக்கட்ட ஏலாது என்று முடிவெடுத்துவிட்டார். அவனோ செய்திகளைத் தேடித் தேடி வாசித்து, வாள்வெட்டு, ஐஸ் போதைப்பொருள், சங்கிலி அறுப்பு என்று தலைப்புகளை எண்ணி வைத்திருந்தான். எந்த ஊர்ப் பெயர் குறைவாக வருகிறதோ அங்கே வீடு வாங்குவது அவன் திட்டம். அப்படி எண்ணினால் முல்லைத்தீவுக் காட்டுக்குள்தான் போய்க் குடியிருக்க வேண்டும். செய்தியாளர் போகாத இடத்தில் செய்தியும் இராது.

நான் 2010 இலிருந்து ஏழு வருடம் வவுனியா குருமன்காட்டில் வாடகைக்கு இருந்தேன். அதன் பிறகு கிளிநொச்சி கனகபுரத்தில் எங்கள் பழைய வளவுக்கே திரும்பிவிட்டேன். இரண்டு இடத்திலும் களவு கொடுத்தவன். அந்த ஒரு தகுதிதான் எனக்கு.

முதலில் இலக்கக் கதையைப் பேசிவிடுவோம். குற்ற வீதம் என்பது ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்ற கணக்கு. 2012 கணக்கெடுப்பின்படி கிளிநொச்சி மாவட்டத்தில் 113,510 பேர், வவுனியா மாவட்டத்தில் 172,115 பேர். கிளிநொச்சியில் வருடத்துக்கு ஒரே ஒரு கொலை நடந்தாலே வீதம் 0.88 ஆகிவிடும். எங்கோ ஒரு மூலையில், ஒரு வீட்டுக் காணிச் சண்டையில், ஒரே இரவில் மூன்று பேர் செத்தார்கள் என்று வையுங்கள், வீதம் 2.6 க்கு ஏறிவிடும். அதற்காக மற்ற ஊர்களில் படுத்திருந்தவர்களுக்கு ஆபத்து மூன்று மடங்காகிவிட்டதா என்ன? வவுனியாவின் சிக்கல் வேறு. ஏ9 வீதியோடு மன்னார் வீதியும் ஹொரவப்பொத்தானை வீதியும் வந்து முட்டும் ஊர் அது. பஸ் நிலையத்தில் பையைப் பறிகொடுத்த மன்னார்க்காரரின் முறைப்பாடு வவுனியாக் கணக்கில் ஏறும். அவர் மட்டும் வவுனியாச் சனத்தொகையில் இருக்கமாட்டார். ஆகவே வவுனியாவின் வீதம் கொஞ்சம் கூடத் தெரிந்தால் நான் பதறமாட்டேன்.

இதைவிடப் பெரிய ஓட்டை எழுதப்படாத களவு. என் சொந்தக் கதையையே சொல்கிறேன்.

குருமன்காட்டில் எங்கள் வீட்டுக்கு ஆறடி மதில், இரும்புக் கேற். ஒழுங்கையில் பாதி வீடுகள் வாடகை வீடுகள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக வந்தவர்கள், அரச உத்தியோகத்தில் மாற்றலாகி வந்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள் என்று வருடத்துக்கு வருடம் முகம் மாறும். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, நாங்கள் எல்லோரும் வெளியே போயிருந்த நேரம், குசினிக்குப் பின்னால் நின்ற காஸ் சிலிண்டரையும் மகனின் சைக்கிளையும் கொண்டுபோய்விட்டார்கள். முன்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். "நான் கடைப் பெடியன் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? எங்கள் வீட்டுக்கு யார் வந்து போவார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேற்றுக்கு வெளியே எங்களை அவர் கண்டது வாரத்தில் இரண்டு தரம். இன்னொன்றும் உண்டு. உயர்ந்த மதில் கள்ளனுக்கும் மறைப்புத்தான். ஏறிக் குதித்து உள்ளே போய்விட்டால் ஆறுதலாக வேலை பார்க்கலாம்.

கனகபுரத்தில் போனது தண்ணீர் மோட்டர். நடுச்சாமத்தில் கிணற்றடியில் கழற்றி, வயரையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்குக் கிளுவை வேலியும் தகரப் படலையும்தான். விடிந்து தேத்தண்ணி குடித்து முடிக்கிறதுக்குள் நாலு பேர் வந்து விசாரித்தார்கள். அந்த நாலு பேருக்கும் எடுத்தவன் யாரென்று தெரியும். அதை அவர்களின் முகமே சொன்னது. வாய் மட்டும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கிராம அபிவிருத்திச் சங்கத்து ஆள் ஒருவர் உரப்பை ஒன்றோடு வந்து, "வாய்க்கால் பக்கம் கிடந்ததாம்" என்று சொல்லி மோட்டரை வைத்துவிட்டுப் போனார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. வயர் போனது போனதுதான். செம்பைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுத்திருப்பான். எங்கிருந்து வந்தது என்று கேட்டு யார் வாங்குகிறார்கள்?

இரண்டு களவுக்கும் நான் பொலிஸுக்குப் போகவில்லை. ஆக இரண்டு ஊர்க் கணக்கிலும் நான் களவு கொடுக்காதவன்.

"அப்ப கிளிநொச்சிதான் நல்லது போல" என்றான் தம்பி. கொஞ்சம் பொறு என்றேன். மோட்டரைத் திருப்பிக் கொண்டுவந்த அதே அயலட்டைக்கு, எந்த வீட்டில் மனிசன் குடித்துவிட்டு வந்து மனிசியை அடிக்கிறான் என்பதும் தெரியும். அங்கேயும் வாய் திறப்பதில்லை. "புருசன் பெண்சாதிச் சண்டை, நாங்கள் என்ன செய்யிறது?" என்று படலையைச் சாத்திவிடுவார்கள். குடும்ப வன்முறைக்கென 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், பெண்களுக்கான உதவி இலக்கமான 1938 க்கு எடுத்து உதவி கேட்கலாம். ஆனால் கேட்டுவிட்டு அதே ஒழுங்கையில்தானே நாளைக்கும் குடத்தோடு நடக்க வேண்டும்? கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பெண்களிடம் எதற்குப் பயம் என்று கேட்டுப் பாருங்கள். மதிலேறிக் குதிக்கும் கள்ளனைச் சொல்லமாட்டார்கள். தெரிந்த முகம், ஏழு மணிக்குப் பிறகு படலையடியில் நின்று "அக்கா, தனியவோ?" என்று கேட்பதைத்தான் சொல்வார்கள். குருமன்காட்டில் யாரும் யாரையும் கவனிக்காததில் அவர்களுக்கு ஒரு விடுதலையும் உண்டு. கனகபுரத்திலிருந்து அங்கே போய் அறை எடுத்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் சிலரே எனக்கு இதைச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் யாராவது ஒரு பெரியவர், புலிகள் ஆண்ட காலத்தை நினைத்து, "இயக்கக் காலத்தில் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் படுத்தோம்" என்று தொடங்குவார். உண்மைதான், கிளிநொச்சியில் அப்போது களவு மிகக் குறைவு. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை இருந்த வீட்டில், இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று, யாரும் நிம்மதியாகப் படுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே காலத்தில் வவுனியாவில் நகருக்குள் தங்கவே பாஸ் என்ற அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காலங்களை அளவுகோலாக எடுத்தால் இன்று எந்த ஊரும் சொர்க்கம்தான்.

போதைப்பொருள் விசயத்தில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் பெரிதில்லை. கசிப்பு என்ற கள்ளச்சாராயம் காட்டோரக் குடியேற்றங்களில், ஐஸ் சந்தி வசதியுள்ள நகரத்தில் என்று பழைய பிரிப்பு ஒன்று இருந்தது; இப்போது இரண்டும் இரண்டு இடத்திலும் கிடைக்கும். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு வருபவர் ஊரைப் பார்ப்பதைவிட அந்த ஒழுங்கை முனையில் பின்னேரம் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

தம்பி எண்ணி வைத்த செய்திகளில் வராத ஆபத்து வீதி. ஏ9 அகலமாகி வழுவழுப்பானது கிளிநொச்சிக்கு வரம், கூடவே சாபம். நகரமே அந்த ஒற்றை வீதியில் கோர்த்துக் கிடக்கிறது. வங்கிக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதைக் கடந்தாக வேண்டும். டிப்பரும் சொகுசு பஸ்ஸும் பறக்கிற அதே தாரில் இரவில் மாடுகள் சூட்டுக்குப் படுத்திருக்கும். ரயில் இன்னொன்று. 1990 இல் நின்ற யாழ்தேவி கிளிநொச்சிக்குத் திரும்பியது 2013 செப்டெம்பரில். இடையில் இருபத்துமூன்று வருடம். தண்டவாளத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்ற பழக்கமே இல்லாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. படலை இல்லாத கடவைகளில் போன உயிர்களுக்கு யாரும் குற்றப் பதிவு போடுவதில்லை. குருமன்காட்டில் ஒழுங்கைக்குள் வாகன நெரிசல் இருக்கிறது, அதனாலேயே வேகம் இல்லை. வயதானவருக்கு இது சின்ன விசயமல்ல.

முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்புப் பக்கம் பார்க்கலாமா என்றும் கேட்டான். அமைதியான இடம்; ஆனால் இரவில் நெஞ்சு நொந்தால் என்ன செய்வது என்று கேட்டேன், அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

அப்புறம் காணி. வன்னியில் மதிலேறி எடுத்த களவைவிட, பேனாவால் எடுத்த களவுதான் குடும்பங்களைத் தெருவில் விட்டது. கனகபுரம் போன்ற குடியேற்றங்களில் பல காணிகள் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள். பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அவற்றை விற்க முடியாது. வெள்ளைத்தாளில் கையெழுத்து வைத்து விற்றவர்களும் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். வாங்கியவர் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான். வவுனியா நகரப் பக்கம் உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், உள்ள தனியார் காணிகள் கூடுதலாகக் கிடைக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி. தம்பிக்கு இன்னொரு பூட்டும் உண்டு. அவன் கனேடியக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவன்; 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவன் பெயரில் காணி வாங்க முடியாது. சித்தி இலங்கைக் குடியுரிமையை விடவில்லை. ஆகவே எழுதுவது அவர் பெயரில்தான், யாரோ சொந்தக்காரன் பெயரில் அல்ல. அந்தச் சொந்தக்காரன் நானாக இருந்தாலும் சரி.

என் முடிவைச் சொல்லிவிட்டேன். பிள்ளைகுட்டியோடு ஐந்தாறு பேர் இருக்கும் வீடு என்றால் கனகபுரம். சித்திக்கு வவுனியா. கனகபுரத்தில் அரை ஏக்கருக்கு ஒரு வீடு. மாரியில் தவளைச் சத்தத்துக்குள் ஒரு கிழவி கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. வவுனியாவில் மதிலுக்கு அந்தப் பக்கம் இருமினாலே கேட்கும், ஓட்டோவில் பத்து நிமிடத்தில் பெரியாஸ்பத்திரி. ஆனால் நான் இருந்த மாதிரி வாடகை வீட்டு ஒழுங்கை வேண்டாம். இருபது வருடமாக ஒரே ஆட்கள் இருக்கும் ஒழுங்கையாகப் பார்க்க வேண்டும். கமரா பூட்டுவோமா என்று தம்பி கேட்டான். பூட்டு, நீ அங்கேயிருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். முகத்தை மூடிக்கொண்டு வருபவனை அது என்ன செய்யும்?

வவுனியா கோவில்குளம் பக்கம் இரண்டு வீடு பார்த்திருக்கிறேன். ஒன்றில் மதில் இடுப்பளவுதான்; முன்வீட்டில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், நான் கேற்றில் கை வைக்க முன்னமே "ஆர் தம்பி, என்ன விசயம்?" என்று எழும்பி வந்துவிட்டார். அந்த வீட்டு உறுதியின் பிரதியை வாங்கி நொத்தாரிசிடம் கொடுத்திருக்கிறேன். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த கிழமை சொல்வதாகச் சொன்னார்.