கொழுந்துத் தராசின் போர்டைச் சரிசெய்து கொடுத்த ஹட்டன் கடை: ஒரு மதிப்பீடு

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், பெயர்ப்பலகை இல்லாமல் இயங்கும் மின்னணுப் பழுதுபார்க்கும் கடை ஒன்றைப் பற்றியது இந்த மதிப்பீடு. தொலைக்காட்சி, இன்வேர்ட்டர், அம்ப்ளிஃபயர் என்று பலவும் அங்கே வருகின்றன. நான் கொண்டுபோனது 60 கிலோ வரை நிறுக்கும் மேடைத் தராசு. நோர்வூட் பக்கத்தில் சிறுதோட்டக்காரர்களிடம் பச்சைத் தேயிலைக் கொழுந்து வாங்கித் தொழிற்சாலை லொறியில் ஏற்றிவிடும் எங்கள் மடுவத்தில் எல்லாக் கணக்கும் அந்தத் தராசில்தான் தொடங்குகிறது. அது கூட்டிக் காட்டினால் லொறிக் கணக்கில் எனக்குக் குறையும். குறைத்துக் காட்டினால் மலையேறி இறங்கிக் கொழுந்தைச் சுமந்து வந்தவருக்குக் குறையும். ஆகவே, இந்தக் கடையின் வேலையை "தராசு எரிகிறதா, எரியவில்லையா" என்று மட்டும் பார்த்து மதிப்பிட என்னால் முடியாது.

கோளாறு இரண்டு விதமாக வெளிப்பட்டது. காலையில் மூடுபனி இறங்கியிருக்கும் நேரத்தில், தட்டில் ஒன்றுமே இல்லாதபோது பூச்சியத்தில் நிற்க வேண்டிய எண் மெல்ல மெல்ல ஏறி 150, 200 கிராம் என்று காட்டும். வெயில் வந்தால் தானாகவே இறங்கிவிடும். அது தவிர, தராசை மின்சாரத்தில் செருகி வைத்திருக்கும்போது கடைசி இரண்டு இலக்கங்கள் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். இரவு முழுவதும் செருகி வைத்தாலும் பேட்டரி மறுநாள் மத்தியானம் வரை தாங்குவதில்லை. முதலில் காட்டிய இடம் வேறு நகரத்தில் உள்ள ஒரு கடை. அங்கே மூடியைத் திறந்து பார்த்த சற்று நேரத்திலேயே, போர்ட் (உள்ளேயிருக்கும் மின்சுற்றுப் பலகை) போய்விட்டது என்றும், இந்த மொடலுக்குத் தனியாகப் போர்ட் வருவதில்லை என்றும், புதுத் தராசு வாங்குவதே நல்லது என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஹட்டன் கடைக்காரர் திருகாணியைத் தொடுவதற்கு முன்பே கேட்ட கேள்வி இது: "தம்பி, கரண்டுல போட்டா மட்டுந்தான் ஆடுதா, இல்ல பேட்டரியில வச்சாலும் ஆடுதா?" இலக்கங்கள் துடிப்பது மின்சாரத்தில் மட்டும், பூச்சியம் ஏறுவது இரண்டிலும் என்று சொன்னவுடன், இது ஒரு கோளாறல்ல, தனித்தனியான இரண்டு என்று அவர் பிரித்துக்கொண்டார். பேட்டரியில் ஓடும்போது துடிப்பு நின்றுவிடுகிறது என்றால் பழுது மின்வழங்கும் பகுதியில் இருக்கிறது. பேட்டரியிலும் பூச்சியம் நகர்கிறது என்றால் எடையை மின்சமிக்ஞையாக மாற்றும் லோட் செல்லிலோ அதன் சமிக்ஞை வரும் வழியிலோ ஏதோ இருக்கிறது. பழுதுபார்க்கும் கடைகளில் இப்படிக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மின்வழங்கும் பகுதியில் அவர் கண்டதை எனக்கு மீட்டர் வைத்தே காட்டினார். 230 வோல்ட்டை 9 வோல்ட்டாகக் குறைக்கும் சிறிய டிரான்ஸ்ஃபோமர், அந்த ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் நான்கு 1என்4007 டயோட்கள், அதைத் தொடர்ந்து ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் 1000 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் என்ற வழக்கமான அமைப்புத்தான் அது. கெப்பாசிட்டரின் தலை லேசாக வீங்கி, அடியில் பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தது. கழற்றி அளந்தபோது எழுதப்பட்டிருந்த கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. யாராக இருந்தாலும் இதைப் பார்த்தவுடன் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிவிட்டுக் காசு வாங்கியிருப்பார்கள், தராசும் சில மாதங்களுக்கு ஒழுங்காகவே ஓடியிருக்கும். இவரோ பூதக்கண்ணாடியால் டயோட்களின் கால்களைப் பார்த்து, ஒன்றின் ஈயப் பிடிப்பில் முடியளவு வட்டமான வெடிப்பு இருப்பதைக் கண்டுபிடித்தார். தராசு லொறியில் குலுங்கிக் குலுங்கிப் போய்வந்ததில் அந்தக் கால் போர்டிலிருந்து விடுபட்டிருக்கிறது. நான்கு டயோட்களில் ஒன்று இணைப்பிழந்தால் நொடிக்கு 100 தடவை நிரம்ப வேண்டிய கெப்பாசிட்டர் 50 தடவைதான் நிரம்பும். இடைவெளி இரட்டிப்பாவதால் அது ஒவ்வொரு தடவையும் அதிகமாக இறங்கி ஏறும், சூடாகும், உள்ளே இருக்கும் திரவம் வற்றும். பேட்டரிக்குச் சார்ஜ் போதாமல் போனதும், எண்கள் துடித்ததும், கெப்பாசிட்டர் வீங்கியதும் அந்த ஒரு வெடிப்பின் விளைவுகள்தான்.

மாற்றிய விதத்திலும் அக்கறை தெரிந்தது. பழையது 16 வோல்ட், 85 பாகை தரத்தில் இருந்தது. அவர் போட்டது அதே கொள்ளளவில் 25 வோல்ட், 105 பாகை தரம். 9 வோல்ட் டிரான்ஸ்ஃபோமரின் ஆடலோட்டம் நேரோட்டமாகும்போது உச்சத்தில் 11 வோல்ட்டுக்கு மேல் வரும் என்பதாலும், சுமை குறைந்த நேரத்தில் அது இன்னும் ஏறும் என்பதாலும், 16 வோல்ட் பாகத்துக்கு மூச்சுவிட இடமில்லை என்றார். கணக்கு சரிதான். வோல்ட்டைக் கூட்டிப் போடலாம், கொள்ளளவை மட்டும் கண்டபடி மாற்றக் கூடாது என்பதைக் கடையில் வேலை பழகும் பையனுக்கும் அதே மூச்சில் சொல்லிக் கொடுத்தார். நான்கு டயோட்களையும் புதிதாகவே போட்டார். ஒன்று கழன்றதற்கு நான்கையும் மாற்றுவது வீண் செலவு என்று முதலில் எனக்குத் தோன்றியது, ஆனால் விலை சில ரூபாய்கள்தான் என்பதால் வாதாடவில்லை. பழைய ஈயம் எளிதில் இளகாத வகையைச் சேர்ந்தது. 183 பாகையிலேயே உருகும் 63/37 ஈயத்தை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) கொஞ்சம் கலந்து, அது இளகியதும் செப்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்தார். அவசரத்தில் இழுத்திருந்தால் போர்டிலுள்ள செப்பு வளையம் கையோடு உரிந்து வந்திருக்கும். கசிந்த திரவம் அரித்துப் பச்சையாகிப்போன ஒரு செப்புத் தடத்தை மட்டும் சுரண்டிச் சுத்தமாக்கி, மெல்லிய கம்பியால் பாலம் போட்டார்.

பூச்சியம் நகர்ந்த கோளாறுதான் கடினமானது. லோட் செல்லிலிருந்து வரும் சமிக்ஞை எவ்வளவு சிறியது என்று தெரியாதவர்களுக்கு இந்தப் பழுது மந்திரம் போலத் தோன்றும். ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் லோட் செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், 60 கிலோ முழுச் சுமைக்கு வருவது 10 மில்லிவோல்ட். அதாவது ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 167 மைக்ரோவோல்ட், 10 கிராமுக்கு 2 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. லோட் செல்லின் நான்கு வயர்களும் போர்டில் வந்து சேரும் இணைப்பானின் ஊசிகளுக்கிடையே ஈரம் ஒரு மெல்லிய படலமாகப் படர்ந்து 10 மெகாஓம் அளவுக்குக் கசிவை உண்டாக்கினாலே போதும். 350 ஓம் லோட் செல்லில் அது 40 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் தள்ளிவிடும், அது கால் கிலோ. சாதாரண மல்டிமீட்டரில் 10 மெகாஓம் என்பது கிட்டத்தட்ட இணைப்பே இல்லாதது போலத்தான் தெரியும். இதனால்தான் மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்றே தோன்றும்.

அவர் மீட்டரை நம்பவில்லை. ஒரு குவளை வெந்நீரின் ஆவியை அந்த இணைப்பானுக்கு மட்டும் காட்டினார், எண் ஏறியது. முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினார், இறங்கியது. மடுவத்தில் பனியும் வெயிலும் செய்ததை மேசையிலேயே செய்து காட்டிவிட்டார் என்று சொல்லலாம். இணைப்பானைக் கழற்றியபோது அடியில் இருந்தது ஈரம் மட்டுமல்ல. முன்பு யாரோ ஈயம் வைத்துவிட்டுத் துடைக்காமல் விட்ட, ஈயம் நன்றாகப் பிடிப்பதற்காகப் பூசும் ஃப்ளக்ஸ் பசை, அதன்மேல் கொழுந்துச் சாறும் தூசியும் ஒட்டிக் கறுப்பாக இறுகியிருந்தது. அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை கொட்டும் எங்கள் பக்கத்தில் அது உலர வழியே இல்லை. போர்டின் அந்தப் பகுதியை ஐசோப்ரொப்பைல் அல்கஹோலால் பல் துலக்கும் தூரிகை கொண்டு திரும்பத் திரும்பத் தேய்த்து, உலர்த்தி, புதிய இணைப்பான் வைத்தார்.

இந்த இடத்தில் கடைக்காரரின் நேர்மையைச் சொல்ல வேண்டும். சமிக்ஞையை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 என்ற 24 பிட் ஐசியையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று தொடக்கத்தில் சொல்லியிருந்தார், அதற்கான விலையையும் கூறியிருந்தார், நானும் சம்மதித்திருந்தேன். சுத்தம் செய்தபின் பூச்சியம் நிலையாக நின்றதும், ஐசி நன்றாக இருக்கிறது, மாற்றத் தேவையில்லை என்று அந்தத் தொகையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார். மாற்றிவிட்டேன் என்று சொல்லி வாங்கியிருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. கழற்றிய கெப்பாசிட்டர், டயோட்கள், இணைப்பான் எல்லாவற்றையும் ஒரு சிறு பையில் போட்டுத் தராசோடு சேர்த்துக் கொடுத்தார்.

வேலை முடிந்தபின் தட்டில் 20 கிலோ படிக்கல்லை இரவு முழுவதும் வைத்து, காலையில் எண் மாறாமல் இருக்கும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எடுக்கப்போனபோது அதே கல்லைத் தட்டின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் மாறி மாறி வைத்துக் காட்டினார். ஆனால் அளவீட்டுத் திருத்தத்தில் அவர் கைவைக்கவில்லை, அதில் உறுதியாக இருந்தார். வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின் கீழ் வருவது. போர்டைத் திறப்பதற்காக அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை உடைபடும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லி என் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டார். திணைக்களத்தின் பரிசோதகரிடம் மறுபடி சரிபார்த்து முத்திரை வாங்கும்வரை அதில் கொழுந்து நிறுக்க வேண்டாம் என்று பில்லிலும் எழுதியிருந்தார். அதுவரை பழைய தொங்கு தராசில் நிறுத்தது சிரமமாக இருந்தாலும், கொழுந்து கொண்டுவருபவர்களுக்குப் பதில் சொல்ல அந்த முத்திரை எனக்குத் தேவை. பரிசோதனையில் எந்தத் திருத்தமும் இல்லாமலே தராசு தேறியது.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுப்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் இரவில்தான் பதில் வருகிறது. இணைப்பான் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து வர வேண்டியிருந்ததால் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்தேன், இடையில் தாமதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோட்டத்து மக்கள் டவுனுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமையில் கடை பூட்டிக் கிடப்பது புரியாத புதிர். தொழில் சார்ந்த குறை என்று ஒன்றுதான்: ஈரம் புகாமலிருக்க இணைப்பானைச் சுற்றிப் பூசிய பாதுகாப்பு வார்னிஷ் தேவைக்கு மேல் தடிப்பாக இருக்கிறது. நாளைக்கு இன்னொருவர் அங்கே ஈயம் வைக்க வேண்டி வந்தால் முதலில் அதைச் சுரண்ட வேண்டும்.

எல்லாப் போர்டையும் அவர் ஏற்பதில்லை என்பதையும் போகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். விலை குறைந்த சமையலறைத் தராசுகளில் பிரதான சில்லைப் போர்டின் மேலேயே ஒட்டிக் கறுப்புப் பிசின் துளியால் மூடியிருப்பார்கள். அது பழுதானால் மாற்றுவதற்குப் பாகமே கிடையாது. அப்படிப்பட்டதைப் பார்த்தவுடன் திருப்பிக் கொடுத்துவிடுகிறார், பார்த்த கூலியும் கேட்பதில்லை. கைத்தொலைபேசியும் எடுப்பதில்லை.

மொத்தச் செலவு 3,800 ரூபாய், புதிய மேடைத் தராசின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மாற்றிய பாகங்களுக்கு மூன்று மாத உத்தரவாதம், விழுந்தாலோ மழையில் நனைந்தாலோ அது செல்லாது. வார நாளில் காலை வேளையில் போனால் அவர் கூட்டமில்லாமல் நிதானமாகப் பார்ப்பார். தராசோடு அதன் மின்கம்பியையும் கொண்டுபோங்கள், கோளாறு எந்த நேரத்தில், மின்சாரத்திலா பேட்டரியிலா வருகிறது என்பதையும் முன்பே கவனித்து வையுங்கள், ஏனென்றால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.