மட்டக்குதிரை மூட்டுவலிக்கு மெலாக்சிகாம்: 5-க்கு 4

ஊட்டியில் சவாரிக்கு ஓடி, கால் போனதும் தெருவில் விடப்பட்ட மட்டக்குதிரைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். எல்லாம் கிழடு, எல்லாவற்றுக்கும் மூட்டு தேய்ந்திருக்கிறது. மெலாக்சிகாம் என்கிற வலி மருந்து கேட்கிறதா என்றால், கேட்கிறது. ஆனால் அது ஓட்டத்தில் தெரியாது, படுப்பதில்தான் தெரியும். மூட்டு வலிக்கிற குதிரை படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றபடியே கண்ணசந்து நாளை ஓட்டும். மருந்து ஆரம்பித்த வாரத்தில் எங்கள் வெள்ளைப் பெட்டை ஒரு காலையில் விலா முழுக்க வைக்கோல் ஒட்டிக்கொண்டு நின்றாள், அதைப் பார்த்துத்தான் ராத்திரி நன்றாகப் படுத்திருக்கிறாள் என்றே தெரிந்தது. லாடக்காரருக்குப் பின்னங்காலையும் தூக்கிக் கொடுக்கிறாள், முன்பெல்லாம் உதைதான்.

அளவு கிலோவுக்கு 0.6 மில்லிகிராம், நாளுக்கு ஒரு வேளை. எடை மேடைக்கு எங்கே போவது? நெஞ்சுச் சுற்றளவை செ.மீ.யில் எடுத்து, அதையே அதால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி 11,880-ஆல் வகுங்கள். சுற்றளவு 140, நீளம் 120 என்றால் ஏறக்குறைய 198 கிலோ, அதற்கு 119 மில்லிகிராம். கண் மதிப்பில் கொடுக்காதீர்கள், மட்டக்குதிரைக்கு வயிற்றில் புண் வந்துவிடும். இன்னொரு வலி மருந்தோடு சேர்க்கவும் கூடாது. தீனி குறைந்தாலோ சாணம் இளகினாலோ நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள். தொடர்ந்து 14 நாளுக்கு மேல் போவதானால் அவரைக் கேட்காமல் போகாதீர்கள்.

ஒரு மார்க் குறைத்தது கொடுக்கிற பாட்டுக்காக. குதிரைக்கென்று வரும் திரவ மருந்து இங்கே சுலபத்தில் கிடைப்பதில்லை, மாட்டு மாத்திரையைத்தான் டாக்டர் எழுதித் தருகிறார். உடைத்துத் தவிட்டில் கலந்தால் வாளியை நக்கித் துடைத்துவிட்டு மாத்திரைத் துண்டுகளை மட்டும் அடியில் விட்டுவைக்கிறார்கள், கேரட்டுக்குள் செருகினாலும் கேரட்தான் உள்ளே போகிறது. கடைசியில் தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடம் இருக்கிறதே, அந்த வழியாக நாக்கின் மேல் விடுகிறோம். அப்புறம் வாயை நன்றாகப் பார்க்க வேண்டும், கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் துப்புகிற கில்லாடிகள் உண்டு.

மருந்து மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊட்டிக் குளிரில் கட்டிப்போட்டே வைத்திருந்தால் எதைக் கொடுத்தாலும் மூட்டு இறுகும், மெதுவாக நடந்துகொண்டே இருக்க வேண்டும், உடம்பும் ஏறக் கூடாது.

விலை குறைவான வேறு வலி மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் மலைக்குக் கீழே மாயாறு பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் இருக்கின்றன, அந்த மாதிரி வலி மருந்து ஏறிய கால்நடைப் பிணத்தைத் தின்றே அந்த இனம் அழிவின் விளிம்புக்குப் போனது. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் 2006-லேயே தடை, கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023-ல் தடை. மெலாக்சிகாம் கழுகுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்துப் பார்த்த மருந்து. கிழட்டுக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அப்படியும் ஒரு கடையில் 'எல்லாம் ஒன்றுதாங்க' என்று வேறு அட்டையை நீட்டினார்கள். அட்டையைத் திருப்பி மூலப்பெயரைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.