சனிக்கிழமை மாலை வேதாகம வரலாற்று வகுப்பு: ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டியுள்ள தமிழ்த் திருச்சபை ஒன்று, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் வீட்டு ஜெபக்கூட்டங்களை நடத்துபவர்களுக்கும் சனிக்கிழமை மாலைகளில் வேதாகம வரலாற்று வகுப்பை நடத்தி வருகிறது. விளம்பரம் வேண்டாம் என்று பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டதால் சபையின் பெயரைத் தவிர்க்கிறேன். பிறருக்குப் போதிக்கும் பொறுப்பை ஏற்றிருப்பவர்களுக்கு இத்தகைய வகுப்பு எவ்வளவு அவசியம் என்பதை உணர்ந்ததாலேயே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

ஒரு வேதபகுதி நமக்கு என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன்பாக, அது எந்தக் காலத்தில், யாருக்கு, எந்த நெருக்கடியின் நடுவே எழுதப்பட்டது என்பதை விசாரிக்க வேண்டும் என்பதே இங்குள்ள முறை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறை நடைமுறையில் எவ்வளவு ஆழமாகச் செல்கிறது என்பதை எரேமியா 29ஆம் அதிகாரத்தைப் படித்த மாலையில் கண்டேன்.

அந்த அதிகாரத்தின் 11ஆம் வசனம் நம் வீடுகளில் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையாகத் தொங்குவது. ஆனால், அது கி.மு. 597இல் யூதாவின் ராஜாவான எகொனியாவோடு (யோயாக்கீன் என்பதும் இவர் பெயரே) பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதத்தின் ஒரு வரி. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்பவன், இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று அறிவிக்கிறான். எரேமியாவோ எழுபது ஆண்டுகள் என்கிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதுகிறார். அவ்வளவு நீண்ட காத்திருப்பை மறைக்காமல் சொன்ன பிறகே, கர்த்தரின் நினைவுகள் தீமைக்கானவை அல்ல என்ற ஆறுதல் வருகிறது.

ஆசிரியர் அடுத்து எடுத்துக்காட்டியது, பாபிலோனில் ஜெர்மானியத் தொல்லியலாளர் ராபர்ட் கோல்டவே நடத்திய அகழாய்வில் கிடைத்து 1939இல் வெளியிடப்பட்ட களிமண் பலகைகளை. யூதாவின் ராஜாவான இதே எகொனியாவுக்கும் அவருடைய ஐந்து குமாரருக்கும் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து அளந்து கொடுக்கப்பட்ட எண்ணெயின் கணக்கு அவற்றில் இருக்கிறது. இரண்டாம் இராஜாக்களின் இறுதி வசனங்களில் அதே ராஜா, சிறையிருப்பின் 37ஆம் வருஷத்தில் விடுவிக்கப்பட்டு, தினமும் ராஜ போஜனம் பெறுகிறார். பலகைகளின் காலம் அதற்கு மிகவும் முற்பட்டது, அவற்றைக் கொண்டு அந்த விடுதலையை நிரூபித்துவிட முடியாது என்று ஆசிரியர் தாமாகவே எச்சரித்தார். சான்று எவ்வளவு தூரம் பேசுகிறதோ அவ்வளவு தூரம் மட்டுமே போதகன் பேச வேண்டும் என்ற இந்த நேர்மையே வகுப்பின் தலையாய சிறப்பு என்பேன்.

இதன் பலனை வெளிநாட்டு ஊழியர் விடுதியிலிருந்து எங்கள் ஐக்கியத்துக்கு வரும் தம்பிகளிடையே பார்த்தேன். முகவருக்குக் கட்டிய பணத்துக்கான கடன் தீராமல் ஊருக்குத் திரும்ப இயலாத ஒருவரிடம், சீக்கிரமே எல்லாம் மாறிவிடும் என்று சொல்வது அனனியாவின் வேலை. அந்த அதிகாரத்தை முழுவதுமாக வாசித்து, எழுபது ஆண்டுகள் யூதாவுக்குக் குறிக்கப்பட்ட காலமே தவிர நம் துன்பங்களுக்கு அளவுகோல் அல்ல என்பதையும் விளக்கி, காத்திருக்கும் காலத்திலும் கர்த்தர் தம் ஜனங்களை மறக்கவில்லை என்று காட்டியபோது, அவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்; தங்களுக்குள் ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கவும் முன்வந்தார்கள்.

புதிய ஏற்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாது. பவுல் கொரிந்துவில் தங்கியிருந்த காலத்தைக் கி.பி. 51ஐ ஒட்டிக் கணிக்க உதவும் கிரேக்க நகரான டெல்பியில் கிடைத்த, ரோம ஆளுநர் கல்லியோவின் பெயர் உள்ள கல்வெட்டு சில நிமிடங்களில் முடிந்துபோனது வருத்தமே. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததும், பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்து 1719இல் மறைந்ததும் மேலோட்டமாகவே சொல்லப்பட்டன. தமிழ் வகுப்பொன்றில் அதற்குத் தனி மாலையே ஒதுக்கலாம். வரைபடங்களின் நகல்கள் மங்கலாக இருப்பதால், பெரிய திரையில் காட்டினால் முதியவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இவற்றைவிட முக்கியமான குறை நேரம். சனிக்கிழமையும் மிகைநேர வேலை செய்யும் ஊழியர்களால் வர இயலவில்லை. அவர்களில் பலர் தங்கள் விடுதிகளில் வேதபாடம் நடத்துபவர்கள். இந்தப் பயிற்சி முதலில் சென்று சேர வேண்டியதும் அவர்களிடமே. ஞாயிறு பிற்பகலில் இன்னொரு வகுப்பைத் தொடங்குமாறு பொறுப்பாளர்களை அன்புடன் வேண்டுகிறேன்.

கட்டணம் கிடையாது, நகல் செலவுக்குச் சிறு தொகை மட்டும் வாங்குகிறார்கள். வேதாகமத்தை ஒருமுறையாவது முழுமையாக வாசித்தவர்களுக்கே பாடங்களின் வேகம் ஒத்துவரும். புதிதாக வாசிக்கத் தொடங்கியிருப்பவர்கள், இராஜாக்களின் புத்தகங்களையும் எரேமியாவையும் முன்கூட்டியே வாசித்துவிட்டுச் சேர்வது நல்லது.