கொட்டகைச் சாய்தளத்துக்கு மூட்டைக் கான்கிரீட் ஏற்றதா?

கொல்லையில் நிற்கும் கொட்டகையின் வாசலுக்குச் சிறிய சாய்தளம் கட்ட, சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றும் உலர்ந்த நிலையில் அளவாகக் கலந்து வரும் 25 கிலோ கான்கிரீட் மூட்டை மிகவும் ஏற்றது. ஆனால், தண்ணீரை அளந்து ஊற்றும் பொறுமை உள்ளவருக்கே அது பயன் தரும்.

சமதளத் தரையில் கலவை சற்று இளகியிருந்தாலும் சமாளித்துவிடலாம். வாட்டமான பரப்பிலோ இளகிய கலவை மேலிருந்து வழிந்து அடியில் குவிந்துவிடும். உலர்ந்த பின் அதன் உறுதியும் குறைந்திருக்கும். மூட்டையில் அச்சிட்டுள்ள அளவுக்குத் தண்ணீர் விட்டதும் கலவை வறண்டதுபோலத் தோன்றினாலும், சில நிமிடங்கள் விடாமல் புரட்டினால் கரணைக்குப் படியும் பதத்துக்கு வந்துவிடுகிறது. நுண்துகள்கள் மூட்டையின் அடியில் தங்கிவிடுவதால், பாதி மூட்டையை மட்டும் எடுத்துக் கலப்பது சரியாக வராது.

ஒரு மூட்டையிலிருந்து கிடைக்கும் கான்கிரீட் ஏறத்தாழ 0.012 கன மீட்டர்தான் என்பது முதலில் ஏமாற்றமளிக்கும். வாசல் 15 செ.மீ. உயரத்தில் இருந்தால், 1.5 மீட்டர் நீளச் சாய்தளத்தில் 1:10 வாட்டம் கிடைக்கும். தள்ளுவண்டிக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் அது போதும், சக்கர நாற்காலிக்கு 1:12 வேண்டும். 1.2 மீட்டர் அகலமும் 10 செ.மீ. கனமும் கொண்ட அத்தளத்துக்கு 15 அல்லது 16 மூட்டைகள் தேவைப்படும். அடியில் ஜல்லியை வாட்டமாகப் பரப்பித் திமிசுக்கட்டையால் இறுக்காமல், ஆப்பு வடிவம் முழுவதையும் கான்கிரீட்டாலேயே நிரப்பினால் செலவு ஒன்றே முக்கால் மடங்காகும்.

இந்தக் கலவையில் ஜல்லி பொடியாக இருப்பதால் மேற்பரப்பு எளிதில் மட்டமாகிறது. அதை நம்பிச் சாய்தளத்தின் கீழ் விளிம்பைத் தகடுபோல மெலிதாக இழுத்து முடிக்கக் கூடாது. முதலில் உடைவது அந்த விளிம்புதான். அங்கே மண்ணைத் தோண்டி, முழுக் கனத்துடன் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிவிட வேண்டும். கொட்டகை மரத்தாலானது என்றால் கான்கிரீட் மரத்தைத் தொடாதபடி இடைவெளி விடுவதும் அவசியம், இல்லையெனில் ஈரம் தங்கி மரம் உளுத்துவிடும். வழுக்காமலிருக்க, மேலே கசியும் நீர் வற்றிய பிறகு வாட்டத்துக்குக் குறுக்காகத் துடைப்பத்தால் ஒரு முறை இழுத்தால் போதும்.

குறைகளும் உண்டு. இத்தனை மூட்டைகளை ஒருவரே கையால் கலந்தால், கடைசி மூட்டை தயாராவதற்குள் முதலில் கொட்டியது இறுகத் தொடங்கிவிடும். கலவை இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதோ, துணைக்கு ஆள் வைத்துக்கொள்வதோ நல்லது. தூசியும் கடுமையானது, கையுறையும் முகக்கவசமும் இன்றி மூட்டையைப் பிரிக்க வேண்டாம். ஒரு கன மீட்டரை நெருங்கும் வேலையாக இருந்தால், லாரியில் வரும் ஆயத்தக் கான்கிரீட்டையே பரிந்துரைப்பேன். எதைப் பயன்படுத்தினாலும் ஏழு நாள் ஈரச் சாக்கு போர்த்தித் தண்ணீர் காட்டிய பிறகே கனமான இயந்திரத்தை ஏற்ற வேண்டும். வாங்கும்போது மூட்டையை அழுத்திப் பாருங்கள்; உள்ளே கட்டி தட்டுப்பட்டால் அது ஈரம் பட்ட சரக்கு, மாற்றிக் கேளுங்கள்.