டிஏஏ பணம் வாங்கித் தர்றேன்னு யாராச்சும் வந்தா ஒத்த டாலர் குடுக்காதீங்க

ஒஹையோ, மிச்சிகன், இண்டியானா பக்கம் பிளான்ட்ல வேலை பாக்குற நம்மாளுங்க இத முழுசா படிங்க, தெரிஞ்சவங்களுக்கும் அனுப்புங்க.

எங்க வீட்டுக்காரர் ஒஹையோல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் பிளான்ட்ல டூல் ரூம்ல இருந்தாரு. 2024-ல லைன மொத்தமா மெக்சிகோவுக்கு மாத்துறோம்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. அந்த வாரமே ஒருத்தன் பார்க்கிங் லாட்டுக்கு வந்து ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்களா பாத்து கார்டு குடுக்க ஆரம்பிச்சான், நான் டிஏஏ கன்சல்டன்ட், வேலை வெளிநாட்டுக்குப் போனா கவர்மென்ட் பணம் குடுக்கும், பேப்பர் வேலை எல்லாம் நான் பாத்துக்குறேன், ஆளுக்கு 350 டாலர்னு.

அவன் திட்டத்தப் பத்தி சொன்னதுல பாதிக்கு மேல நிஜம், அதனாலதான் அத்தனை பேர் நம்பினாங்க. டிஏஏ-ன்னா ட்ரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ், அந்தத் திட்டம் 1962-ல கென்னடி காலத்துல வந்துச்சு, 1974 சட்டத்துல பெருசாச்சு. இறக்குமதியாலயோ கம்பெனி வெளிய போறதாலயோ வேலை போனவங்களுக்கு படிப்பு செலவு, வேலை இல்லாதவங்களுக்கு வர்ற அன்எம்ப்ளாய்மென்ட் பணம் தீர்ந்தப்புறமும் படிச்சு முடிக்கிற வரைக்கும் வாராவாரம் ஒரு தொகை, 50 வயசு தாண்டினவங்க கம்மி சம்பளத்துக்கு வேற வேலைக்குப் போனா குறையுற சம்பளத்துல பாதி, அதுவும் ரெண்டு வருஷத்துல 10,000 டாலர் வரைக்கும். இல்லினாய்ல கேல்ஸ்பர்க்ல மேடேக் கம்பெனியோட ஃப்ரிட்ஜ் ஃபேக்டரிய 2004-ல மூடினப்போ வேலை போனவங்க இந்தப் பணத்துலதான் காலேஜ் போனாங்க. எங்க வீட்டுக்காரருக்கு வயசு 53, அந்த சம்பள விஷயத்தக் கேட்டதும் மனுஷனுக்கு மூஞ்சில உசுரு வந்துச்சு.

அவன் மறைச்சது ஒண்ணே ஒண்ணுதான். 2022 ஜூலை 1-ஆம் தேதியோட அந்தத் திட்டம் நின்னு போச்சு. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அத நீட்டிக்கல. அதுக்கு முன்னாடியே தகுதி இருக்குன்னு சர்டிஃபை ஆகி, அந்தத் தேதிக்குள்ள வேலையும் போனவங்களுக்கு மட்டும் தொடர்ந்து குடுத்தாங்க. புதுசா மனு போட்டா லேபர் டிபார்ட்மென்ட் வாங்கி வெச்சுக்கும், விசாரிக்கவும் முடியாது சர்டிஃபை பண்ணவும் முடியாது. அதான் அவனுக்கு வசதியா போச்சு, மனு வந்து சேந்துச்சுன்னு ஒரு மெயில ஃபோன்ல காட்டி பாத்தீங்களா ஏத்துக்கிட்டாங்கன்னு சொல்லி அடுத்த ஆள்கிட்டயும் செக் வாங்கினான். எங்ககிட்ட குடுத்த ஃபாரம் டிஏஏ மனு போடுற பழைய 9042 ஃபாரத்தோட ஜெராக்ஸு, மேல மூலைல இருந்த காலாவதி தேதி மேல கரெக்டா ஸ்டேபிள் பின்னு அடிச்சு ஒரு விசிட்டிங் கார்டு. இன்னொண்ணு, இந்த மனு போட எந்தக் காலத்துலயும் ஃபீஸே கிடையாது.

350 டாலரோட போயிருந்தா கூட பரவால்ல. டிரெய்னிங்ல சேந்தாதான் வாராவாரப் பணம் வரும்னு சொல்லி ஒரு பிரைவேட் ஸ்கூல்ல சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற மெஷின்) ப்ரோக்ராமிங் கோர்ஸ்ல சேத்து விட்டான், 12,000 டாலர் லோன், கவர்மென்ட் அப்புறம் திருப்பிக் குடுக்கும்னு. திட்டம் நடந்துக்கிட்டு இருந்த காலத்துலயே அப்ரூவல் வாங்காம முன்னாடியே சேந்த படிப்புக்குப் பணம் குடுக்க மாட்டாங்க, அது அவனுக்குத் தெரியாம இருக்காது. அன்எம்ப்ளாய்மென்ட் கிளெய்மும் இப்ப போடாதீங்க ரெண்டும் இடிக்கும்னு வேற சொல்லியிருக்கான் பாவி. அதுல போன வாரங்களுக்குப் பணம் வரவே இல்ல, ஒரு வீட்டுல சம்பளம் நின்ன நேரத்துல அது எவ்ளோ பெரிய அடின்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

மாசம் போயிட்டே இருக்கு ஒரு தகவலும் இல்லன்னு நான்தான் அவர கூட்டிக்கிட்டு ஒஹையோ மீன்ஸ் ஜாப்ஸ்ங்கிற கவர்மென்ட் ஜாப் சென்டருக்குப் போனேன். கவுன்ட்டர்ல இருந்த அம்மா பேப்பர வாங்கிப் பாத்துட்டு, சார் இது நின்னு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு மெதுவா சொன்னாங்க. அவருக்குப் பேச்சே வரல. அப்புறம் அவங்களே உக்கார வெச்சு சொன்னாங்க, டபிள்யூஐஓஏ-ன்னு இன்னொரு திட்டம் இருக்கு, அதுல டிஸ்லொகேட்டட் வொர்க்கர், அதாவது லே-ஆஃப்ல வேலை போனவர்னு பதிஞ்சா அவங்க அங்கீகரிச்ச லிஸ்ட்ல இருக்குற ஸ்கூலுக்கு படிப்பு செலவு கிடைக்க வாய்ப்பு இருக்கு, ஃபண்ட் இருக்குறதப் பொறுத்துன்னு. டிஏஏ அளவுக்கு வராது, வாராவாரப் பணம்லாம் இல்ல, ஆனா நிஜம், இலவசம். இவன் சேத்து விட்ட ஸ்கூல் அந்த லிஸ்ட்லயே இல்ல.

ஃபேக்டரி வெளிய போறது நிக்கல, போனவங்களுக்குக் குடுத்த உதவி மட்டும் நின்னுருக்கு, அந்த இடைவெளில இவன் மாதிரி ஆளுங்க கடை போடுறாங்க. எனக்கு அவன் மேல இருக்குற அதே கோவம் அத அப்படியே விட்டுட்டுப் போனவங்க மேலயும் இருக்கு.

உங்க பிளான்ட்ல நோட்டீஸ் வந்தா அன்எம்ப்ளாய்மென்ட் கிளெய்ம வேலை போன வாரமே போடுங்க, யார் என்ன சொன்னாலும் தள்ளிப் போடாதீங்க. ஸ்கூல் பேப்பர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி உங்க ஊர் ஜாப் சென்டர்ல காட்டுங்க. நாங்க அட்டர்னி ஜெனரல் ஆஃபீஸ்லயும் எஃப்டிசி-ங்கிற மோசடி புகார் வாங்குற ஃபெடரல் ஆஃபீஸ்லயும் கம்ப்ளெயின்ட் குடுத்துருக்கோம், லோன் கம்பெனியோட இன்னும் இழுத்துக்கிட்டு இருக்கு. இதே மாதிரி ஆள்கிட்ட செக் குடுத்தவங்க பேங்க்ல இருந்து அந்த செக்கோட காப்பிய எடுத்து வெச்சுக்கோங்க, அவன் அனுப்பின மெசேஜ் எதையும் அழிக்காதீங்க, நீங்களும் தனியா ஒரு கம்ப்ளெயின்ட் போடுங்க.