பத்தாண்டு, இரண்டு பெட்டி, ஐம்பது சுருட்டு

2014 பெப்ரவரியில் ஹவானாவில் இரண்டு பெட்டி சுருட்டு வாங்கினேன். 48 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் தங்கிவிட்டுக் கனடா திரும்புகிறவர் 50 சுருட்டுகளை வரியில்லாமல் கொண்டுவரலாம், பெட்டிக்கு 25. கணக்கு இவ்வளவு அழகாக அமைந்ததற்குக் காரணம் சுங்கச் சட்டம்தான். சுருட்டைப் பத்தாண்டு வைத்துப் பழசாக்கிப் பார்க்கும் ஆராய்ச்சி எண்ணம் எதுவும் அன்றைக்கு எனக்கு இல்லை.

கப்பிடோலியோ மாளிகைக்குப் பின்னால், பழைய பார்த்தகாஸ் தொழிற்சாலைக் கட்டடத்தில் இருந்த கடை அது. போகும் வழியில் ஒருவர் தன் மச்சான் தொழிற்சாலையில் வேலை செய்கிறான் என்றும் பாதி விலைக்குத் தருவதாகவும் சொல்லி இரண்டு தெருக்கள் கூடவே வந்தார். ஹவானாவில் அந்த மச்சான் எல்லோருக்கும் இருக்கிறான். அவனிடம் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

ஒரு பெட்டி பார்த்தகாஸ் சீரி டி நம்பர் 4, சுருக்கமாக டி4. நீளம் 124 மில்லிமீட்டர், தடிப்பு கிட்டத்தட்ட 20. கைக்கு அடக்கமான முரட்டுச் சுருட்டு. மற்றது மான்டேகிறிஸ்டோ நம்பர் 4. நீளம் 129, தடிப்பு 17க்கும் குறைவு. இரண்டு பெட்டிகளின் அடியிலும் மையில் குத்தியிருந்த மாதமும் ஆண்டும் 2013இன் கடைசிப் பகுதியைக் காட்டின. பெட்டிக்குள் போய் மூன்று நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன.

என் அப்பு யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்காரர். வாங்கிய அன்றே பற்றவைப்பார். சுருட்டைப் பூட்டி வைத்துப் பழசாக்குவது என்று அவரிடம் சொல்லியிருந்தால், எனக்கு விசர் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் அதே வீட்டில் அப்பாச்சி புதுப்புளியைத் தொடமாட்டார். பானையில் உப்புப் போட்டு அடைத்து, கறுத்த பிறகுதான் எடுப்பார். கியூபச் சுருட்டை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது அப்பாச்சியின் புளிப்பானைதான்.

முதல் டி4ஐ ஊர் திரும்பிய வாரமே கராஜில் பற்றவைத்தேன். முதல் இழுப்பில் மிளகு. அடுத்ததில் தொண்டைக் கமறல். பாதியில் தலை லேசாகச் சுற்றியது. உள்ளே போனதும் மனைவி கேட்டார்: “மாட்டுக்கொட்டிலில் நின்றுவிட்டு வருகிறீர்களா?” அன்றிலிருந்து கோட்டைக் கராஜிலேயே கழற்றி மாட்டவேண்டும் என்பது வீட்டுச் சட்டமாயிற்று. அவர் மூக்கு பிழையானதல்ல. புகையிலை நொதிக்கும்போது அம்மோனியா வெளியேறும். அது முழுவதும் போய்த் தீர்வதற்கு முன்பே சுருட்டு பெட்டிக்குள் வந்துவிடுகிறது. மிச்சம் மாதக்கணக்கில் மெதுவாகக் கழிகிறது. அந்த இடைக்காலத்தில் பற்றவைத்தால் கொட்டில் மணம்தான்.

மான்டேகிறிஸ்டோ அப்படி இல்லை. முதல் நாளே கோப்பியும் கொக்கோவும், ஓரத்தில் தோடம்பழத் தோல் போன்ற ஒரு கூர்மையும் இருந்தன. கொப்பியில் குறித்து வைத்தேன்: “இது நல்ல பெட்டி, மற்றது வீண்செலவு.” கொப்பியில் நான் எழுதியவற்றிலேயே ஆகப் பெரிய பிழை இந்த வரிதான்.

முதல் குளிர்காலம் ஒரு பாடம் கற்பித்தது. தொறொன்றோவில் சூடேற்றி ஓடத் தொடங்கினால் வீட்டுக்குள் காற்று அப்பளம் காயப்போடும் அளவுக்கு வறண்டுவிடும். சுருட்டு வைக்க அழகுக்காக வாங்கிய மரப்பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. ஈரமானி 54 விழுக்காடு காட்டியது. (ஈரமானியை நம்பும் முன் சோதியுங்கள். ஒரு மூடியில் உப்பைச் சேறு போலக் குழைத்து, அதோடு ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வைத்தால் 75 காட்டவேண்டும்.) பிறகு, மீன் வாங்கப் போகும்போது கொண்டுபோகும் ஐஸ்பெட்டி போல ஒன்றைப் புதிதாக வாங்கி, ஈரத்தை 65 விழுக்காட்டில் நிறுத்தி வைக்கும் பொவேடா பைகளைப் போட்டு நிலவறைக்கு இறக்கினேன். அங்கே கோடையிலும் 18, 19 பாகைதான். வெப்பம் 25ஐத் தாண்டினால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிக்கக்கூடும். பொரித்தால் சுருட்டில் ஊசித்துளை விழும். எனக்கு அந்த அனுபவம் வரவில்லை. பத்தாண்டுக் காலம் எனக்கு உழைத்த பொருள் என்றால் அந்த ஐஸ்பெட்டிதான். விலையுயர்ந்த மரப்பெட்டியில் இப்போது பொத்தான்களும் நூல்களும் இருக்கின்றன.

டி4 மாறத் தொடங்கியது மூன்றாம் ஆண்டில். கமறல் போயிருந்தது, மிளகு தொண்டையிலிருந்து நாக்கின் நுனிக்கு இறங்கி, சுக்கு போல ஆகியிருந்தது. 2017இல் பற்றவைத்த இரண்டிலும் பாலில்லாத கோப்பியின் கசப்பும், மழை விட்ட மண்ணின் மணமும். ஐந்தாம், ஆறாம் ஆண்டுகள்தான் உச்சம். பேரீச்சம்பழத்தின் அடங்கிய இனிப்பு, பழைய தோற்பை, வறுத்த கச்சான், இவற்றின் அடியில் இன்னும் சாகாத உறைப்பு. புகை நாக்கில் எண்ணெய் போலப் படிந்தது. 2019 ஒக்டோபரில் ஒரு மாலை பற்றவைத்ததைக் கடைசி இரண்டு சென்டிமீட்டர் வரை, விரல் சுடும் வரை விடவில்லை. அதற்குப் பிறகு அவ்வளவு நல்லதொன்று அந்தப் பெட்டியில் வரவில்லை.

மான்டேகிறிஸ்டோ மூன்றாம் ஆண்டில் உருண்டு திரண்டு இனித்தது. நான் அதை அப்போதே முடித்திருக்கவேண்டும். பழசாகப் பழசாக நல்லது என்ற பேச்சை நம்பிப் பதினொன்றை மிச்சம் வைத்தேன். ஏழாம் ஆண்டில் கிடைத்தது தேநீரும் வைக்கோலும். மோசமில்லை, ஆனால் இளமையில் இருந்த அந்தத் தோடம்பழக் கூர்மையை நானே காத்திருந்து தொலைத்துவிட்டேன்.

காரணம் இலையில் இருக்கிறது. பினார் டெல் ரியோ மாகாணத்தின் வுவெல்தா அபாஹோவில் வளரும் செடியின் உச்சி இலைக்கு லிஹேரோ என்று பெயர். வெயிலை நேரே வாங்கித் தடித்து, எண்ணெய் ஏறிய இலை. உறைப்பு அதிலிருந்து வருகிறது. நடு இலையான சேகோ மணத்துக்கு. அடியில் வளரும் வொலாடோ சீராக எரிவதற்கு. உச்சி இலையின் முரட்டுத்தனம் தூக்கலாக உள்ள சுருட்டுக்குக் கரைத்து முடிக்கப் பல ஆண்டுகள் வேண்டும். மென்மையான கலவைக்கு அவ்வளவு காலம் கொடுத்தால், கரைவதற்கு மணத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை. முதுமை எதையும் கொண்டுவந்து சேர்ப்பதாக எனக்குத் தெரியவில்லை. எடுத்துக்கொண்டே போகிறது; மறைந்து கிடந்தது இடையில் சில காலம் வெளியே தெரிகிறது.

இறுக்கமாகச் சுற்றப்பட்டு இழுக்க வராத சுருட்டைப் பத்தாண்டு வைத்தாலும் இழுக்க வராது. வேறு பெட்டிகளில் பார்த்துவிட்டேன்.

மாதத்துக்கு ஒன்றைத் தாண்டியதில்லை, புகையை உள்ளே இழுப்பதுமில்லை. அதனால் வாய்ப் புற்றுநோய் அபாயம் இல்லாமல் போய்விடாது என்று என் பல் மருத்துவர் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறார். அதற்கு மறுப்பு என்னிடம் இல்லை.

2022இல் கொஹிபா, டிரினிடாட் என்ற கியூபச் சுருட்டுகளின் விலைகள் ஏறிய ஏற்றத்தில் அவற்றின் பக்கம் பார்ப்பதை விட்டேன். அதே ஆண்டு செப்டம்பரில் இயன் சூறாவளி பினார் டெல் ரியோவின் உலர்த்தும் கொட்டகைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. எனினும் சென்ற ஆண்டு ஒரு டி4 பெட்டி கிடைத்தது. மூடியின் உள்ளே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: நான்காம் ஆண்டில் திற, ஏழில் முடி. மான்டேகிறிஸ்டோவைத் தேவைக்கு ஐந்து ஐந்தாக வாங்கி உடனே பற்றவைக்கிறேன்.

2014 பெட்டியின் கடைசி டி4ஐப் பத்தாண்டு நிறைவுக்கென்று வைத்திருந்து 2024 பெப்ரவரியில் எடுத்தேன். சாம்பல் வெள்ளையாக, உதிராமல் நின்றது. தேவதாரு மணம், கொஞ்சம் பாக்கு, மிகத் தூரத்தில் எங்கோ பழைய மிளகு. நாற்பது நிமிடம் கோபமே இல்லாமல் எரிந்தது. 2019இன் அந்த மாலையை நினைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு மறதியில் கோட்டோடு வீட்டுக்குள் போய்விட்டேன். அடுத்த நாள் காலை வரை அது வாசற்கொக்கியில் தொங்கியது; மனைவி ஒன்றும் சொல்லவில்லை.